வேற்றுச் சூரியன்களின் வெள்ளம்

கண்ணால் காண முடியாத ஒன்றைப் பற்றி, அதனால் எந்தப் பயனும் அடையப் போகாதவர்களிடம், ஒருவர் ஏன் ஆண்டுக்கணக்கில் பேச வேண்டும்? செல்லபாய் என்ற பெண்ணின் வாழ்க்கையைப் பார்த்தவர்களுக்கு எழுந்த கேள்வி இது. கடவுளைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. செல்லபாய் பேசியது வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களைப் பற்றி. அதனால் கேட்டார்கள்.

அவர் திருவனந்தபுரத்துத் தம்பானூரில் ஒரு லாரி சர்வீஸ் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தார். பாறசாலைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். பிறந்து வளர்ந்ததும் அதே நகரம்தான். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், ஆபீசில் ஆங்கிலம் என்று வாழ்ந்தவருக்கு எந்தச் சொல் எந்த மொழியைச் சேர்ந்தது என்ற கவலை இருந்ததில்லை. மாலையில் நூலகத்துக்குப் போய் ஆங்கில அறிவியல் பத்திரிகைகளைப் படிப்பார். படித்ததை யாரிடமாவது சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. அதை ஒரு குணம் என்பதைவிட ஒரு தொந்தரவு என்றே அவருடைய ஆபீசில் நினைத்தார்கள்.

அறுபதுகளின் நடுவில், பக்கத்திலிருந்த அறிவியல் மன்றம் ஒன்றில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையாளத்தில் பேச்சு நடக்கும். செயலாளர் வலியசாலையைச் சேர்ந்த தாணு. அவரிடம் போய், தமிழிலும் ஒரு பேச்சு வேண்டும் என்று செல்லபாய் கேட்டார். தம்பானூர் ஹோட்டல்களிலும் கட்டட வேலையிலும் தெற்கத்தித் தமிழர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஞாயிறு மாலை அவர்களுக்குப் போக இடமில்லை.

“அவாளுக்கு நட்சத்திரம் எதுக்கு? கல்யாணத்துக்குப் பொருத்தம் பாக்கவா?” என்றார் தாணு.

“ஒரு பிராவசியம் நான் பேசி நோக்குறேன் சார். ஆளு நிக்கல்லேன்னா பின்னே நான் வாய் தொறக்க மாட்டேன்.”

“ஒரே ஒரு தடவை. அவா பாதியில எழுந்து போனான்னா தமிழ்ப் பேச்சு அத்தோட சரி. அப்புறம் என்னைக் கேக்கப்படாது.”

செல்லபாய் ஒவ்வொரு ஹோட்டலின் பின்வாசலுக்கும் போய் ஆள் அழைத்தார். மன்றத்தின் மாடி அறை நிறைந்தது. மாடியில் காற்றுக்காக வந்தவர்கள்தான் பாதி என்று தாணு சொன்னார். அது பொய்யும் இல்லை.

அந்த ஆண்டுகளில் ஒரு செய்தி பரவியிருந்தது. நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரங்களில் ஒன்று, வானில் நகரும்போது மிக இலேசாகத் தள்ளாடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரகம் அதைச் சுற்றி வந்து இழுப்பதால்தான் அந்தத் தள்ளாட்டம் என்று அமெரிக்காவில் ஒரு வானியலாளர் அறிவித்திருந்தார். செல்லபாய் அதை நன்றாகவே விளக்கினார். பிறகு, அப்படிப்பட்ட கிரகங்களில் உயிர் இருக்க என்ன வேண்டும் என்பதற்கு வந்தார்.

“முக்கியமா வெள்ளம் வேணும். வெள்ளம் இருந்தாத்தான் ஜீவன் இருக்கும்.”

அறையின் பின்பக்கம் சிரிப்பு வெடித்தது. எழுந்து நின்றவன் சொரிமுத்து; ஹோட்டலில் தோசை சுடுபவன், அம்பாசமுத்திரத்துக்காரன்.

“யக்கா, வெள்ளம் வந்தா உயிரு போவும்லா! எங்க மாமன் எருமையே வெள்ளத்துல போயிட்டு. நீங்க என்னன்னா வெள்ளம் வந்தாத்தான் உயிரு வரும்ங்கிய?”

செல்லபாய்க்கு யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே புரியவில்லை. மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். அவர் வீட்டுத் தமிழிலும் அதுவேதான். திருநெல்வேலிக்காரர்களுக்கு அது ஊரை அடித்துப் போவது. முன்வரிசையில் ஒருவர் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சிவந்தது. கதவருகே இருவர் செருப்பைத் தேடினார்கள். தாணு குடையை எடுத்துக்கொண்டார்.

“எருமை போன ஆறு இப்ப எப்பிடி இருக்கு?” என்று செல்லபாய் சொரிமுத்துவைக் கேட்டார்.

“இப்பவா? நல்லா ஓடுது.”

“அதே ஆத்தை உங்க தோசைக்கல்லுல ஊத்தினா?”

“சொய்னு போயிரும். ஆவிகூட நிக்காது.”

“சூரியனுக்குக் கிட்டக் கிடக்குற கிரகம் உங்க தோசைக்கல்லு. ரொம்பத் தூரம் போனா ஐஸ் கட்டி. இப்பச் சொல்லுங்க, உங்க எருமை எங்கே நிக்கணும்?”

சொரிமுத்து விளையாட்டாகத்தான் யோசித்தான். ஆனால் யோசித்தான். “ரெண்டுக்கும் நடுவுல. தண்ணி தண்ணியாவே கெடக்குற எடத்துல.”

“அந்த எடத்தைத்தான் தேடுறாங்க.”

செருப்பைத் தேடியவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நமது சூரியனுக்கு அந்த நடு இடம் எது, சின்னச் சூரியனாக இருந்தால் கிரகம் எவ்வளவு கிட்டப் போக வேண்டும், எருமைக்குப் பதில் அங்கே வேறு என்ன மேயும் என்று கேள்விகள் வந்தபடி இருந்தன. தாணு குடையைக் கீழே வைத்தார். பாராட்டு என்று அவர் சொன்னது ஒன்றே: “அடுத்த மாசம் நாற்காலி பத்தாது.”

தமிழ்ப் பேச்சு நிலைத்தது. ஊரிலிருந்து வேலைக்கு வந்த புதியவர்களைப் பழையவர்கள் ‘எருமைக் கூட்டத்துக்கு’ அழைத்து வருவார்கள். செல்லபாய் பெரிய பேச்சாளர் என்று, அந்தக் கூட்டங்களுக்குப் போய்வந்த நான் சொல்ல மாட்டேன். குரல் மெல்லியது. ஒரே விஷயத்தை இரண்டு முறை சொல்வார். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்ததில்லை. அது தத்துவம் படித்தவர்களிடமே நான் அதிகம் காணாத ஒன்று.

அதற்குச் சோதனை எழுபத்து நாலில் வந்தது. அந்த நட்சத்திரம் தள்ளாடவே இல்லை, தொலைநோக்கியைப் பிரித்துச் சரிசெய்து மாட்டியபோதெல்லாம் அதன் படங்களில் மற்ற நட்சத்திரங்களும் சேர்ந்தே நகர்ந்திருக்கின்றன என்று வேறு சிலர் கண்டுபிடித்திருந்தார்கள். செல்லபாய் இத்தனை காலம் பேசிய கிரகம் இல்லாமல் போயிற்று.

“சொல்லாதீங்கோ,” என்றார் தாணு. இப்போது அவருக்கும் அந்தக் கூட்டத்தின் மேல் பிரியம் வந்திருந்தது. “இதைச் சொன்னா நாளைக்கு ஒருத்தரும் வரமாட்டா. வேற ஏதாவது பேசுங்கோ, சந்திரனைப் பத்திப் பேசுங்கோ.”

செல்லபாய் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார். “நான் இவ்வளவு நாள் சொன்ன கிரகம் இல்லை. இருக்குன்னு நம்பித்தான் சொன்னேன். தப்பு.”

“அப்போ எல்லாம் கள்ளமா?” என்று ஒருவர் மலையாளம் கலந்து கேட்டார். சிலர் எழுந்தார்கள்.

பிச்சம்மாள் என்ற சித்தாள் கையைத் தட்டி அவர்களை நிறுத்தினாள். “இருங்கவே. ரசமட்டம் கோணலா இருந்தா செவத்தைக் கொறை சொல்லுவியளா? வேற மட்டம் வச்சுப் பாக்கணும், அவ்வளவுதான?” செல்லபாயின் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லும்மா, வேற மட்டம் வச்சுப் பாக்காங்களா இல்லையா?”

“பாக்கிறாங்க.”

“அப்பம் என்ன, அடுத்த மாசம் வாரோம்.”

வந்தார்கள். முன்பைவிட அதிகமாக வந்தார்கள். தன் தவறை எழுந்து நின்று சொன்ன பேச்சாளரைப் பார்க்க வேண்டும் என்றே சிலர் வந்தார்கள். செல்லபாயின் வெற்றி என்று நான் சொல்வது இதைத்தான். கிரகம் போன பின்னும் கேள்வி அவர்களிடம் தங்கியது. நம்பிக்கை கொடுத்து ஆள் சேர்ப்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். நம்பிக்கையைத் திரும்ப வாங்கிய பிறகும் ஆள் நிற்பதை நான் அந்த மாடியில்தான் பார்த்தேன்.

எண்பத்து நாலின் இறுதியில் பத்திரிகையில் ஒரு படம் வந்தது. தெற்கு வானத்து நட்சத்திரம் ஒன்றைச் சுற்றித் தட்டையாகப் பரந்த தூசி வட்டம். கிரகங்கள் பிறக்கும் இடம் அப்படித்தான் இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். மன்றத்தின் ஆண்டுவிழாப் பேச்சு முதன்முறையாகத் தமிழில் அறிவிக்கப்பட்டது. நகரத்தின் பெரிய மண்டபம். மலையாளிகளும் வந்தார்கள். ஹோட்டல்காரர்கள் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தார்கள். தலை நரைத்த சொரிமுத்து, சொந்தமாகக் கடை வைத்திருந்தவன், அன்று கடையை மூடிவிட்டான்.

“இது கிரகம் இல்லை, தூசிதான்,” என்று செல்லபாய் ஆரம்பித்தார். “அங்கே உயிர் இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இந்தத் தடவை வேறவேற மட்டம் வச்சுப் பாத்திருக்காங்க. தூசி இருக்கு.”

பிச்சம்மாள்தான் முதலில் கை தட்டியிருக்க வேண்டும். மண்டபம் எழுந்து நின்றது. மலையாளிகள் எதற்கு இவ்வளவு ஆரவாரம் என்று பக்கத்திலிருந்தவர்களைக் கேட்டார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு அவர்களும் தட்டினார்கள். தாணு மேடையிலேயே அறிவித்தார்: இனி ஒவ்வொரு மாதமும் இந்த மண்டபத்தில்தான் தமிழ்ப் பேச்சு, செல்லபாய்தான் பேச்சாளர்.

அடுத்த மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பேசியவன், செல்லபாய் அனுப்பிய சொரிமுத்து. செல்லபாய் காலையிலேயே பொன்முடி பஸ்ஸில் ஏறியிருந்தார். தேயிலை எஸ்டேட் லயத்தில், நல்ல வெயிலில், ஞாயிற்றுக்கிழமை போக இடமில்லாத தொழிலாளர்கள் இருபது பேருக்குப் பேசிவிட்டு மாலை பஸ்ஸில் திரும்பினார். பின்னர் மாதந்தோறும் போனார்; மலைமேல் வானம் தெளிவாகத் தெரியும் என்பதற்காகப் போகிறார் என்றார்கள். அவர் இருட்டும் வரை அங்கே தங்கியதே இல்லை. மண்டபத்தை விட்டு ஏன் அங்கே போகிறார் என்று தாணு நேரிலேயே கேட்டுப் பார்த்தார். “பஸ்ஸு போயிரும் சார்,” என்று சொல்லிவிட்டு செல்லபாய் நடந்தார். பெரிய மண்டபத்து மேடையில் அவர் அதன் பிறகு ஏறவில்லை.