கூமுட்டை மோந்த செமஸ்டர்

என் தோழி மோப்பம் வெளிநாட்டிலிருந்து திரும்பிய நாள் முதல் அவளுக்கு ஒரே கவலைதான். தான் போய்விட்டு வந்த அதே செமஸ்டருக்குச் சித்தி மகள் போகக்கூடாது, எப்படியாவது தடுத்துவிட வேண்டும். சித்தி மகள் எங்கள் கல்லூரியில்தான் ஒரு வருடம் பின்னால் படிக்கிறாள். அடுத்த குழுவுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமை நடக்கும் கூட்டத்தில் பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டால் கதை முடிந்தது. மோப்பத்தையும் சேர்த்து அங்கே போய் வந்த ஆறு பேரில் நானும் ஒருத்தி. அந்தச் செமஸ்டரை நினைத்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். அதனால் இதைப் பொறுமையாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

மோப்பம் என்பது நாங்கள் வைத்த பெயர் இல்லை. அவள் வீட்டிலேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள். பால் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும் முன் மூக்குக்குக் கொண்டுபோவாள். துவைத்து மடித்த துண்டை மோந்துவிட்டு, "இது நிழல்ல காஞ்சது" என்பாள். ஹாஸ்டலில் கேஸ் கசிந்தபோது, பக்கத்தில் நின்ற சமையல்காரர் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். இவள் இரண்டாவது மாடியிலிருந்து தலைதெறிக்க ஓடிவந்து வால்வை மூடினாள். "இவ பிறக்கும்போது மூக்குதான் முதல்ல வந்துச்சு" என்று அவள் அம்மா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். உணவுத் தொழில்நுட்பம் படிப்பதற்கென்றே செய்த மூக்கு என்று நாங்களும் நினைத்தோம்.

எங்களை அனுப்பி வைத்தவர் எங்கள் துறைப் பேராசிரியர் கோட் சார். வெயில் மண்டையைப் பிளந்தாலும் கோட்டைக் கழற்றமாட்டார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், நவீன ஆய்வுக்கூடம், தொழிற்சாலைப் பயிற்சி என்று அவர் அடுக்கியதில் எங்கள் வீட்டார் வாயைப் பிளந்தார்கள். போய் இறங்கினால், வகுப்பு வாரத்தில் ஒரே ஒரு நாள். அதிலும் கையுறையை எப்படி மாட்டுவது, எப்படிக் கழற்றுவது என்று ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். மற்ற நாளெல்லாம் முட்டைத் தொழிற்சாலை. முட்டையை உடைத்து, கூழாக்கி, கேக் கம்பெனிகளுக்கு டேங்கர் லாரியில் அனுப்பும் இடம் அது. சம்பளம் கிடையாது, பயிற்சியாம்.

அங்கே ஒரு மிஷின் முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்துச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றும். கிண்ணங்கள் வரிசையாக நகர்ந்து வரும். வரிசையின் நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்து, ஒவ்வொரு கிண்ணத்தையும் பார்க்க வேண்டும், குனிந்து மோந்தும் பார்க்க வேண்டும். கெட்டதாக இருந்தால் காலடியில் இருக்கும் பெடலை அழுத்தினால் கிண்ணம் கழிவுத் தொட்டியில் கவிழும். நல்லது நேராகப் பெரிய டேங்குக்குப் போகும். மூக்குக் கெட்டிக்காரி யார் என்று மேற்பார்வையாளர் கேட்டபோது நாங்கள் ஐந்து பேரும் மோப்பத்தைக் கை காட்டினோம். அவளும் பெருமையாகத்தான் போய் உட்கார்ந்தாள்.

அதுவரை நாங்கள் ஒருவரை ஒருவர் கூமுட்டை என்று திட்டிக்கொண்டிருந்தோமே தவிர, நிஜக் கூமுட்டையைக் கண்ணால் பார்த்ததில்லை. முதல் நாளே பார்த்தோம். மிஷின் தட்டியதும் பட்டென்று வெடித்தது. பச்சையும் கறுப்புமாக ஒரு சளி மோப்பத்தின் கன்னத்தில் அடித்து, கழுத்து வழியாக உள்ளே இறங்கியது. அந்த நாற்றத்தை என்னவென்று சொல்ல? அடைத்த சாக்கடையைத் திறந்து அதற்குள் யாரோ தலையைப் பிடித்து அமுக்கிய மாதிரி இருந்தது. அவள் கழிவுத் தொட்டியிலேயே வாந்தி எடுத்தாள். மேற்பார்வையாளர் விசில் அடித்துக் கையைக் காட்டினார், மிஷின் நிற்கக் கூடாது என்று. வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த கிண்ணத்தை மோந்தாள்.

என் வேலை தரை. கணுக்கால் வரை மஞ்சள் கரு கொழகொழவென்று நிற்கும். ஓடும் தோலும் போய் வடிகாலை அடைத்துக்கொள்ளும். கையை உள்ளே விட்டு அள்ளினால் விரலிடுக்கில் புழு நெளியும். இதற்குத்தான் மூன்று வருடம் உணவுத் தொழில்நுட்பம் படித்தேனா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் முடியில் அந்த வாடை போகாது. பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நாசூக்காக எழுந்து வேறு இடம் பார்ப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எங்களுக்கே எங்களைப் பிடிக்கவில்லை.

இந்த லட்சணத்தில் கோட் சார் போன் போட்டார். "போட்டோ அனுப்புங்கம்மா. வெள்ளைக் கோட்டு, தொப்பி, பின்னாடி மிஷின் கிஷின் ஏதாவது. சிரிச்ச மாதிரி இருக்கணும்." அந்தக் கட்டடத்தில் சுத்தமான இடம் ஆபீஸுக்குப் போகும் நடைவழி ஒன்றுதான். அங்கே சுவரில் ஒரு மைக்ராஸ்கோப் படம் மாட்டியிருந்தது. அதன் முன்னால் நின்று ஆறு பேரும் பல்லைக் காட்டினோம். மோப்பம் அதை வீட்டுக்கும் அனுப்பினாள். அம்மா போன் செய்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "சூப்பரா இருக்கேம்மா, சாப்பிட்டாச்சு" என்பாள். வெளியூரில் இருக்கும் பிள்ளை வேறென்ன சொல்லும்? அம்மா அந்தப் படத்தைச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினார். சித்தி மகள் அதைத் தன் போனில் முகப்புப் படமாகவே வைத்துக்கொண்டாள்.

அங்கே இருந்தபோது நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு சாயங்காலம் அறையில் நான் பால் பாக்கெட்டை வெட்டினேன். திரிந்து, புளித்து, மூக்கில் அறைந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுபடி பார்த்தபோது மோப்பம் அதே பாலை டம்ளரில் ஊற்றிப் பாதி குடித்துவிட்டிருந்தாள். "என்னடி, ஏன் அப்படிப் பாக்குற?" என்று கேட்டாள். அடுத்த நாள் அவள் எதிரே பச்சையாக அழுகிய முட்டையோடு ஒரு கிண்ணம் நகர்ந்து போவதைத் தரையிலிருந்து நானே பார்த்தேன். அவள் ஒழுங்காகக் குனிந்தாள், வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு மோந்தாள், பெடலில் கால் வைக்கவில்லை. நான் கத்துவதற்குள் அது டேங்கில் விழுந்துவிட்டது. மேற்பார்வையாளர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். இவ்வளவு பெரிய டேங்கில் ஒன்று என்ன செய்துவிடும் என்று தோளைக் குலுக்கிவிட்டு மிஷினை ஓடவிட்டார். எந்த ஊர்க் குழந்தையின் பிறந்தநாள் கேக்கில் அது போய்ச் சேர்ந்ததோ! கேக்கைக் கண்டாலே இப்போது நான் எழுந்து போய்விடுவேன்.

ஊர் திரும்பிய பிறகு மோப்பம் நேராகச் சித்தி வீட்டுக்குப் போனாள். என்னையும் துணைக்கு இழுத்துப் போனாள். "வேண்டாம்டி, அங்க படிப்பே இல்ல. அழுகின முட்டையை மோந்து பாக்குறதுதான் வேலை" என்றாள்.

சித்தி மகள் போனை நீட்டினாள். "அக்கா, இந்தப் போட்டோல சிரிக்கிறது யாரு?"

"அது சிரிக்கச் சொன்னாங்க, சிரிச்சேன்."

"பெரியம்மாகிட்ட தினமும் சூப்பரா இருக்கேன்னு சொன்னியே? அதையும் சொல்லச் சொன்னாங்களா?"

சித்தி காய் நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னார்: "தான் போய் வந்தாச்சு. இனிமே அடுத்த வீட்டுப் பிள்ளை போகக்கூடாது. நல்ல மனசு." அடுத்த வீடாம்! ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேரும். எனக்கு அங்கேயே சண்டை போட வேண்டும்போல இருந்தது.

சனிக்கிழமை வந்தது. முந்தைய செமஸ்டர்களில் எங்களில் அதிக மார்க் என்பதால் மோப்பத்தைத்தான் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் கோட் சார் அவள் தோளில் தட்டி, "நல்லதா நாலு வார்த்தை பேசும்மா. உன் செமஸ்டர் மார்க் இன்னும் ஏத்தல, ஞாபகம் இருக்கட்டும்" என்று தேன் ஒழுகச் சொன்னார். கூமுட்டையே தேவலை என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் மைக்கைப் பிடித்தாள். கிண்ணம், பெடல், கன்னத்தில் அடித்த சளி, நான் அள்ளிய புழு, கையுறை வீடியோ, சுவரில் இருந்த மைக்ராஸ்கோப் படம், எதையும் விடவில்லை. முன்வரிசையில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த ஒரு அம்மா அதை அப்படியே தட்டில் வைத்துவிட்டார். ஒரு அப்பா கைக்குட்டையால் மூக்கை மூடினார். மைக்கை அணைத்தார்கள். அவள் தொண்டையைத் திறந்து பேசினாள். தன் மூக்கு செத்துப்போன கதையை மட்டும் சொல்லவில்லை. அதை அவள் என்னிடம்கூடப் பேசியதில்லை.

கோட் சார் எழுந்து கைதட்டினார். "நம்ம பொண்ணுக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை. கஷ்டப்படாம யாருக்கு முன்னேற்றம் வந்திருக்கு, சொல்லுங்க?" அவ்வளவுதான். கூட்டம் அப்பாடா என்று சிரித்தது. மூக்கை மூடியிருந்த அப்பா எழுந்து, சர்டிபிகேட்டில் வெளிநாட்டு முத்திரை இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றார் கோட் சார். பிஸ்கட்டை வைத்த அம்மா அதை மறுபடி எடுத்துக் கடித்தார். கையெழுத்து மேஜைக்கு வரிசை நின்றது. எல்லோர் முகத்திலும் காறித் துப்ப வேண்டும்போல எனக்கு வந்தது.

சித்தி மகள் மட்டும் வரிசையை விட்டு எங்களிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. அவள் நம்பிவிட்டாள் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. பின்னாலேயே சித்தியும் வந்து நின்றார்.

"அக்கா, பொய் சொல்லாம சொல்லு. அந்த நாத்தம் போகப்போகப் பழகிடுமா?"

பழகாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அப்போதே வீட்டுக்குத் திரும்பியிருப்பாள். நான் மோப்பத்தின் கையைக் கிள்ளினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"பழகிடும்டி" என்றாள். "ரெண்டு வாரம்கூட ஆகாது, பழகிடும். எனக்கு இப்போ எந்த வாசனையும் தெரியல. அதனாலதான் போகாதன்னு கெஞ்சுறேன்."

சித்தி முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு முகம் மலர்ந்து, மகளின் முதுகில் தட்டினார். "பாத்தியா, ரெண்டே வாரம்தானாம். அக்காவே சொல்லிட்டா" என்று அவள் கையைப் பிடித்து வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.