பூட்டிப் போட்ட தாயம்

பிரேமலதா தில்லை நகரில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறவள். எப்படிப்பட்ட நரம்பையும் ஒரே குத்தில் பிடித்துவிடுவாள். பிடிபடாதது, அவள் அண்ணி என்று கூப்பிடும் மன்னார்புரத்து நாத்தனார் அம்மணியின் கள்ளாட்டம் மட்டும்தான்.

தோற்றவர் பொங்கலன்று பதினான்கு பேருக்குச் சமைக்க வேண்டும் என்பது பந்தயம். வீடியோ காலில் தாயம் ஆடினார்கள். கட்டை விழும் நேரம் பார்த்து அம்மணியின் போன் மின்விசிறியைக் காட்டும். “தாயம்!” என்று குரல் மட்டும் வரும். மூன்று பொங்கலாகப் பிரேமலதாவே கரண்டி பிடித்தாள்.

லேபில் கூட வேலை பார்க்கும் நவ்ஷாத் ஒரு ஆப் ஏற்றித் தந்தான். நடுவில் யாரும் கிடையாது, இரண்டு போன்களும் நேராகப் பேசிக்கொள்ளும். கட்டையும் கிடையாது. ஆளுக்கொரு எண், ஒன்றிலிருந்து ஆறுக்குள், போட்டுப் பூட்ட வேண்டும். அதை அரைத்துக் கூழாக்கிய நீளமான எழுத்துவரிசைதான் எதிராளிக்குப் போகும். இருவரும் பூட்டிய பிறகு திறந்து கூட்டுவது. ஆறைத் தாண்டினால் ஆறைக் கழிப்பது. ஒன்று வந்தால் தாயம். நடுவில் எண்ணை மாற்றினால் வரிசை பொருந்தாது, ஆப் காட்டிக்கொடுத்துவிடும்.

வெள்ளோட்டம் விட்டார்கள். அப்போதும் அம்மணிக்கே தாயம் தாயமாக விழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்னார்புரம் போனபோது, சமையலறை காலண்டரில், கேஸ் நம்பருக்குக் கீழே ஆறு வரிகள் இருந்தன. எல்லாம் புரியாத எழுத்து. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு எண். ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே வரிசை! அண்ணி ஏன் எப்போதும் இரண்டாவதாகவே பூட்டுகிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. வந்த வரிசையைக் காலண்டரில் தேடினால் பிரேமலதாவின் எண் தெரிந்துவிடும்; கூட்டினால் ஏழு வருகிற எண்ணைப் பூட்டினால் தாயம்.

“என்னங்க அண்ணி இது?”

“மளிகை லிஸ்ட்.”

“எண்ணோட ஒரு ரகசியச் சொல்லும் சேத்துப் பூட்டுங்கக்கா,” என்றான் மறுநாள் லேபில் விஷயத்தைக் கேட்ட நவ்ஷாத். “தடவைக்கு ஒண்ணு. வரிசை மாறிக்கிட்டே இருக்கும். திறக்கும்போதுதான் அவங்களுக்குத் தெரியும்.”

கல்யாணமாகி ஒன்பது வருஷம் வாய்க்குள் வைத்திருந்ததையெல்லாம் பிரேமலதா எடுத்துவிட்டாள். முதல் சொல்: “உங்க ரசம் கழனித்தண்ணி.”

உடனே போன் வந்தது. “ஏன்டி, இதுதான் ரகசியச் சொல்லா?”

“யாராலயும் யூகிக்க முடியாததா இருக்கணுமாம், அண்ணி.”

அடுத்த பூட்டைத் திறந்தால் மன்னார்புரத்திலிருந்து: “உன் முறுக்கு ஜல்லி.”

இந்த வருஷப் பந்தய ஆட்டம். அம்மணியின் கடைசிக் காய்க்குத் தாயம் விழ வேண்டும். விழாவிட்டால் பிரேமலதா பழமாகி ஜெயித்துவிடுவாள். பூட்டினார்கள். திறந்தார்கள். மூன்று, நான்கு. ஏழு. ஆறு போக ஒன்று.

சுத்தமான தாயம்.

பிரேமலதாவின் கண் முன்னால் பதினான்கு இலைகள் விரிந்தன. அப்புறம்தான் எண்ணுக்குக் கீழே அண்ணியின் சொல்லைப் பார்த்தாள்: “இந்தப் பொங்கலுக்கு நானே சமைச்சுத் தொலைக்கிறேன்.”

போன் அடித்தது. “ஏய் பிரேமா, அது தோத்துருவேன்னு நெனச்சுப் போட்டது!”

“பூட்டினதை மாத்த முடியாதுங்களே அண்ணி. ஆப் ஒத்துக்காது.”

அந்தப் பக்கம் பெருமூச்சு. பிறகு:

“சரி, வந்து சேரு. உனக்கு மட்டும் ரெண்டு டம்ளர் கழனித்தண்ணி.”