பெய்ரு அக்கா வீட்டுப் புகை

எங்கள் சாங்ஷா நகரில் அடுப்புக்கு மேல் சிம்னி மாட்டுகிறவர்களுக்கு இரண்டு வழி. கட்டடத்தின் பொதுக் குழாயில் சேர்த்தால் புகை மொட்டைமாடிக்குப் போய்விடும். சுவரில் ஓட்டை போட்டால் அக்கம்பக்கத்துக்கெல்லாம் போகும். புத்தியுள்ளவர்கள் குழாயில் சேர்ப்பார்கள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற இரண்டாம் மாடி பெய்ரு அக்கா சுவரைக் காட்டினார்.

“நேர் கீழ மாஜோங் ஆடுற மேசை இருக்கேம்மா, ஆளுங்க உக்காருவாங்களே?” என்றார் மாட்ட வந்தவர்.

“உக்காரட்டும். என் மிளகாய் நெடி எதுக்கு மொட்டைமாடிக்குப் போகணும்? அங்க யாரு மூக்க நீட்டிக்கிட்டு நிக்கிறா?”

அக்கா குறிவைத்த மூக்கு கீழே உட்காரும் ஜின்குய்யுடையது. கீழ்த்தளத்தில் என் எதிர்வீட்டுக்காரி. அவள் மகள் புத்தாண்டுக்குக்கூட எட்டிப் பார்ப்பதில்லை. பெய்ரு அக்காவின் மகன் காய்ஃபெங்கோ ஞாயிறு தவறாமல் வருவான். வறுத்த கறியும் மிளகாயும் மணக்கும். அன்று அக்கா ஆட்டத்துக்கு வரமாட்டார். நான்காவது கை இல்லாமல் நானும் ஜின்குய்யும் பக்கத்துவீட்டு லுவோ அண்ணனும் கீழே உட்கார்ந்து இருமுவோம். இதைவிட மரியாதையாகப் பெருமையடிக்க எனக்குத் தெரிந்து யாராலும் முடியாது.

வசந்தத்துக்குப் பிறகு, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் காய்ஃபெங்கின் வெள்ளைக் காரைக் காணோம். புகை மட்டும் வந்தது. ஒரு ஞாயிறு ஜின்குய் மூக்கை உறிஞ்சினாள்.

“மிளகா இருக்கு, பூண்டு இருக்கு. கறி எங்கடி?”

“மெதுவாப் பேசு,” என்றேன்.

“எத்தன வாரமா வெறும் மிளகாய வறுத்து நம்ம தொண்டைய அறுக்குறா! எந்தப் புள்ள வந்து இதத் திங்குது?”

வெடுக்கென்று எழுந்து வீட்டுக்குள் போனவள், நறுக்கிய பன்றிக்கறிக் கிண்ணத்தோடு வந்து மாடிப்படி ஏறினாள். அக்காவின் மானத்தை வாங்கத்தான் போகிறாள். சண்டையை விலக்கப் பின்னாலேயே ஓடினேன்.

கதவு திறந்தது. சட்டியில் கருகிய மிளகாய். மேசையில் ஒரே ஒரு கஞ்சிக் கிண்ணம். அக்கா அதை உடம்பால் மறைக்கப் பார்த்தார்.

“காய்ஃபெங் இப்பத்தான் கிளம்பினான்.”

ஜின்குய் அந்தக் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தாள். அவள் வாயைப் பொத்த நான் தயாராக இருந்தேன்.

“அடடா, செத்த முன்னாடி வந்திருக்கணும். சட்டி சூடாத்தான இருக்கு? தள்ளுங்கக்கா, இந்தக் கறியப் போடுவோம். சாப்பிட்டுட்டுக் கீழ வாங்க, மூணு பேரு என்னத்த ஆடுறது?”

எனக்குக் கண் எரிந்தது. மிளகாய் என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைப் புகை இப்போதும் வருகிறது, கறி மணத்தோடு. கீழே இரும ஆளில்லை. லுவோ அண்ணன் உட்பட எல்லோரும் மேலே கிண்ணத்தோடு இருக்கிறோம். ஒவ்வொரு வாரமும் கதவைத் திறந்ததும், “இப்பத்தான் கிளம்பினான்,” என்பார் அக்கா.

“இன்னிக்குச் சீக்கிரமாத்தான் வந்தோம், அப்பவும் தப்பிச்சிட்டானே,” என்று அலுத்துக்கொண்டே ஜின்குய் செருப்பைக் கழற்றுவாள்.