இரண்டு பட்டியல்களை இணைத்த மத்தியானம்

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. அதை நடத்திய அக்கா, ஒரு வெப் பக்கம் செய்து காட்டச் சொன்னார். சரியாக வந்தால் வேலை. இல்லையென்றால் வீட்டுத் தறிதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிப்பேனா என்று தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கம், அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய ஒரு பட்டுக்கடைக்கு. ஆளுக்குத் தனித் தறிகள், தனிப் புடவைகள். அந்தப் புடவைகளின் பெயர்களை ஜாவாஸ்கிரிப்டில் இரண்டு அரேக்களாக, அதாவது இரண்டு வரிசைகளாக, எழுதிவிட்டேன். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து திரையில் வரவேண்டும்.

"என் சரக்குல ஒண்ணு உட்டுப்போனாலும் நான் தனியா பக்கம் போட்டுக்குவேன்" என்று தம்பிக்காரர் முன்பே சொல்லியிருந்தார். சாயங்காலம் இருவரும் பார்க்க வருவதாக ஏற்பாடு.

முதலில், வரிசையின் கடைசியில் சேர்க்கும் 'புஷ்' என்ற கட்டளையைப் போட்டேன். அண்ணனின் புடவைகள் வரிவரியாக வந்தன. தம்பியுடையவை எல்லாம் கடைசி வரியில், காற்புள்ளியால் ஒட்டிக்கொண்டு, ஒரே குவியலாக நின்றன.

"இன்னாப்பா, தம்பிக்காரரோடத மட்டும் மூட்டை கட்டி வெச்சிகிற?" என்றார் அக்கா.

புத்தகத்தைப் புரட்டி 'கான்கேட்' என்ற ஒன்றைக் கண்டுபிடித்தேன். இரண்டை இணைக்கும் என்று போட்டிருந்தது. அண்ணன் வரிசையோடு தம்பி வரிசையை இணைத்தேன். திரையில் அண்ணன் மட்டுமே. திரும்ப எழுதினேன். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன். தம்பி வரவேயில்லை.

"அவங்க கெளம்பி வந்துகினு இருக்காங்களாம். ஜல்தி!" என்றார் அக்கா.

எங்கள் வீட்டுத் தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், தீரும்போது பழைய பாவைக் கழற்றிப் போடமாட்டோம். அதன் ஒவ்வொரு இழை நுனியிலும் புதுப் பாவின் இழையை முறுக்கிப் பிணைப்போம். பழைய பாவுதான் நீளும். இணைப்பது என்றால் எனக்கு அது ஒன்றுதான் தெரியும். இதுவும் அப்படித்தான் என்று நம்பி, அண்ணன் வரிசை நீளும் நீளும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். புத்தகத்தில் அந்த வரியை நிதானமாகப் படித்தபோதுதான் விளங்கியது. கான்கேட் பழைய இரண்டையும் தொடாது. இரண்டும் சேர்ந்த மூன்றாவது ஒன்றைப் புதிதாகத் தரும். அதை வாங்கி வைக்க நான் இடமே கொடுக்கவில்லை.

அந்த மூன்றாவது வரிசைக்கு 'கடை' என்று பெயர் வைத்தேன். 'கடை'யைக் காட்டு என்று பக்கத்துக்குச் சொன்னேன். மொத்தமும் வந்து நின்றது. எனக்கு மூச்சும் வந்தது.

சாயங்காலம் இருவரும் வந்ததும், தம்பிக்காரர் மவுஸைப் பிடித்து மேலிருந்து கீழ்வரை இறங்கினார். மறுபடி ஏறினார்.

"இதுல என்னுது எங்க ஆரம்பிக்குது?"

"பாத்தா தெரியாதுங்க. எல்லாம் ஒண்ணா கடையோடதா வருதுங்க."

அவர் திரையில் விரல் வைத்துத் தன் புடவைகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"இன்னாடா, கொறை சொல்ல ஒண்ணும் சிக்கலியா?" என்றார் அண்ணன்.

"சிக்கினா உடுவனா?" என்று தம்பிக்காரர் சிரித்துவிட்டார். "இருக்கட்டும், நல்லாத்தான் கீது."

அவர்கள் போனதும் அக்கா சென்டர் சாவியை என் பக்கம் தள்ளினார். "நாளைக்கு நீயே வந்து தொற."

வீடுவரை ஒரு கையால் சைக்கிளைப் பிடித்து, மறு கையால் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டே போனேன்.