பெத்லகேமில் எனக்கு யாரையும் தெரியாது

சுற்றுலா வேன் ஓட்டுகிறவனுக்கு பிரேக் இல்லாவிட்டாலும் ஒரு நாளைச் சமாளித்துவிடலாம், கூச்சம் இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. நானுஓயா ஸ்டேஷன் வாசலில் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு, மழையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் என் சக தொழிலாளிகளே, இது உங்களுக்குத் தெரியாததா? வேனில் ஏறுகிற சுற்றுலா பார்ட்டி எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லக்கூடாது. அருவியின் உயரம் தெரியாவிட்டால் வாய்க்கு வந்த உயரம். மரத்தின் பெயர் தெரியாவிட்டால் அது மூலிகை. பதினொரு வருஷமாக இப்படித்தான் வண்டி ஓடுகிறது. ஆனால் ஒரே ஒரு இடத்தில் மட்டும், நன்றாகத் தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லியே பிழைத்திருக்கிறேன்.

அது டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். நத்தார் என்கிற கிறிஸ்துமஸ் காலத்தில் அங்கே உயிர்க் குடில் போடுவார்கள். களிமண் பொம்மைகளுக்குப் பதிலாக ஆட்களே மாதாவாகவும் சூசையப்பராகவும் இடையர்களாகவும் நிற்பது. அந்தக் கோயில் பாதர் இத்தாலியில் படித்துவிட்டு வந்தவர். அங்கே மலைக்கிராமங்களில் டிசம்பரில் ஊரே பெத்லகேமாக மாறிவிடுமாம். ஒரு வீட்டில் கொல்லன், ஒரு வீட்டில் ரொட்டி சுடுகிறவள், தெருவில் ஆடு, கடைசியில் தொழுவத்தில் பாலன். சனங்கள் வரிசையில் நடந்து பார்ப்பார்களாம். திரும்பி வந்த பாதர் தொழிலாளிகளின் வரிசை வீடுகளான தோட்டத்து லயத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க செட்டே போட வேண்டாமே!" என்றார். யாருக்கும் கோபம் வரவில்லை. நிஜமாகவே போட வேண்டியிருக்கவில்லை.

அந்த லயத்தில்தான் நான் பிறந்தேன். அம்மா செத்துப்போன பிறகு கொழுந்து பறித்து என்னை ஏ.எல். வரை படிக்க வைத்த என் ரோசலின் அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். பார்ட்டி இல்லாத மாதங்களில் போவேன், சாப்பிடுவேன், வருவேன். அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நத்தார் வாரத்தில் ஒரு நாள், நாலு பேர் பார்க்க, அவள் வீட்டு வாசலில் ஏறி "அக்கா" என்று கூப்பிட வேண்டும். அதை நான் செய்யாத கதைதான் இது.

நெற்றியில் பூசிய மருந்து

முதல் வருஷக் குடிலில் இடையர் வேஷம் ராமையா அண்ணனுக்கு. தோட்டத்தில் சாதுவான ஆடு வைத்திருந்தது அவர் ஒருவர்தான் என்பதால் மதம் பார்க்க முடியவில்லை. கம்பளியைப் போர்த்தி, கையில் கோல் பிடித்து, நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்து நின்றார். பாதர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

என் பார்ட்டி ஒரு ஜெர்மன் தம்பதி. பெத்லகேம் இடையர் நெற்றியில் என்ன வெள்ளைக்கோடு என்று அந்த அம்மா கேட்டார். அவர் இந்து, ஆனாலும் குடிலுக்கு வந்து நிற்கிறார் என்று உள்ளதைச் சொல்லியிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்! என் வாய் சும்மா இருக்குமா? "மலையில் குளிர் அதிகம், தலையில் நீர் கோத்துக்கொள்ளாமல் இருக்கப் பூசும் மூலிகை" என்றேன். அந்த அம்மா நோட்டில் எழுதிக்கொண்டு, தனக்கும் கொஞ்சம் பூசிவிடச் சொன்னார். ராமையா அண்ணன் பத்து வருஷம் கொழும்பில் ஹோட்டலில் வேலை செய்தவர், இங்கிலீஷ் புரியும் என்பது எனக்கு மறந்தே போயிற்று. மனுஷன் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, அந்த அம்மாவுக்குப் பக்தியோடு பூசிவிட்டார். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

"ஏன்டா தம்பி, எங்க முருகனயே தைலமாக்கிட்டியே, நீ நல்லா வருவடா."

முறுகலான ரொட்டி

அதே நாள்தான். ராமையா அண்ணனைத் தாண்டினால் அடுத்த காம்பரா, அதாவது லயத்தின் அடுத்த அறை, பெத்லகேம் ரொட்டிக்கடை. அடுப்புக்கு முன்னால் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தது என் அக்கா. முதல் நாளே போன் பண்ணி, "தம்பி, ஒனக்கு முறுகலா ஒன்னு தனியா எடுத்து வைக்கிறேன்" என்று சொல்லியிருந்தாள். வாசலில் என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாகி, "நனஞ்சிட்டியா?" என்று முந்தானையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். தலையைத் துவட்டிவிடத்தான்.

சரியாக அந்த நேரம் பார்த்து ஜெர்மன் அம்மா கேட்டார், "இவங்கள உங்களுக்குத் தெரியுமா?" என் மேல் புதுச் சட்டை, கழுத்தில் ஏஜென்சி கார்ட். அக்காவின் பாதங்களைப் பார்த்தேன். செருப்பில்லை, சுற்றிலும் வெடிப்பு. "இல்லை, நான் நுவரெலியா டவுன். இங்கே யாரையும் தெரியாது" என்றேன். யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. ஏஜென்சியில் அப்படி ஒரு சட்டமும் இல்லை. அக்கா என்று சொல்லியிருந்தால் அந்த அம்மா அவளைக் கட்டிப்பிடித்திருப்பார். எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். இன்றைக்கு அதை நினைத்தால் நெஞ்சு கூசுகிறது.

அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் என் முகம் நன்றாகத் தெரியும். தூக்கிய முந்தானையில் தன் கையைத் துடைத்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தாள். பார்ட்டிக்கு "சேர், மேடம்" என்று சொல்லி ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொடுத்தாள். கடைசியாக எனக்கு ஒரு தட்டை நீட்டினாள், முறுகலான ரொட்டிதான்.

"எடுத்துக்கங்க சேர், சூடா இருக்கு."

ஏழாவது காம்பரா

குடிலுக்கு ஒதுக்கியது ஆறு காம்பரா. புது வீடு கிடைத்துக் குடும்பங்கள் போய்விட்ட காலி அறைகள். ஏழாவதில் அக்கா குடும்பம் குடியிருக்கிறது. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். ஒரு வருஷம் காற்று மழையில் அந்தக் கயிறு அறுந்து கிடந்தது. நான் வேனில் குடை எடுத்துக்கொண்டு வருவதற்குள் என் பார்ட்டி ஆறு பேரும் ஏழாவது காம்பராவுக்குள் போய்விட்டார்கள்.

உள்ளே அக்காவின் புருஷன், என் மச்சான், காய்ச்சலோடு அரைக்கால் சட்டையில் படுத்திருந்தார். தலைமாட்டில் கொத்தமல்லித் தண்ணீர். ஆறு பேரும் மூச்சு விடாமல் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் என்னிடம், எல்லாம் பிரமாதம், அந்த டிவியை மறைத்திருக்கலாம் என்றார். "ஐயோ, இது வீடுங்க, வெளியே வாங்க" என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் யார் வீடு என்று கேட்பார்களே! "இது சத்திரம், அவர் சத்திரக்காரர்" என்றேன். மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு போர்வையை இழுத்துவிட்டு, கஷ்டப்பட்டு எழுந்து உட்கார்ந்து, எல்லாருக்கும் கும்பிடு போட்டார். தத்ரூபமான நடிப்பு என்று கைதட்டினார்கள்.

பார்ட்டியை ஹோட்டலில் இறக்கிவிட்டு முதல் வேலையாக மச்சானுக்குப் போன் போட்டேன். காய்ச்சலை விசாரித்தேன். அவர் இருமி முடித்துவிட்டுச் சொன்னார்.

"அட விடு மாப்ள, மொதல்லயே சொல்லியிருந்தா வேட்டியாச்சும் கட்டியிருப்பேன்."

இத்தாலிக்காரர் கேட்ட கேள்வி

பிறகு ஒரு வருஷம் இத்தாலிக்காரர் ஒருவரே வந்து சேர்ந்தார். வயது எழுபது இருக்கும். அவர் ஊர் உயிர்க் குடிலில் வருஷா வருஷம் கொல்லன் வேஷம் அவருக்குத்தானாம், அந்த வருஷம் மட்டும் விடுப்பாம். பரீட்சைக்கு வாத்தியாரைக் கூட்டிப்போவது போல எனக்கு உதறல். தலையைக் குனிந்து ஒவ்வொரு காம்பராவுக்குள்ளும் நுழைந்தார். புகை படிந்த சுவரைத் தடவினார். கூரைத் தகரத்தில் மழை ஒழுகும் இடத்தைப் பார்த்தார், கீழே வைத்திருந்த வாளியையும் பார்த்தார்.

வேனுக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தார். அவர் ஊரில் இரண்டு வாரம் பாட்டன் காலத்து ஏழைகளைப் போல உடுத்திக்கொள்வார்களாம். ஜனவரியில் மூன்று ராசாக்கள் திருநாள் முடிந்ததும் உடுப்பைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, ஹீட்டர் போட்ட வீட்டுக்குப் போய்விடுவார்களாம். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் லயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பதினொரு வருஷத் தொழிலில், வாயில் ஒரு பொய்கூட வராமல் நான் நின்ற ஒரே கேள்வி அவர் கேட்டதுதான்.

"இது முடிஞ்சதும் இவங்கல்லாம் எங்க போவாங்க?"

மாதா பேசிய இங்கிலீஷ்

போன நத்தாருக்கு மாதா வேஷம் அக்கா மகள் ஜெனிட்டாவுக்கு. பத்தொன்பது வயது, ஏ.எல். முடித்தவள். நுவரெலியாவில் ஏதாவது ஹோட்டல் ரிசப்ஷனில் சேர வேண்டும் என்று ராத்திரி பகலாக இங்கிலீஷ் படிக்கிற பிள்ளை. குடிலுக்கு ஒரு வாரம் முன்னால் நானே அவளுக்குப் போன் பண்ணினேன். "பாப்பா, பார்ட்டி நிக்கிறப்ப மாமான்னு கூப்புட்றாத. ஏஜென்சில பிரச்சின வரும்" என்றேன். "ஏஜென்சியாலதானா மாமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "சரி மாமா, வெளங்குது" என்றாள். என்ன விளங்கியது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அன்றைக்கு நாலு மணிக்கே பனி இறங்கிவிட்டது. பார்ட்டி ஓர் ஆஸ்திரேலிய அம்மா, கூட இரண்டு பெரிய மகள்கள். தொழுவத்தில் நீலச் சேலையில் ஜெனிட்டா, மடியில் பக்கத்து லயத்துக் கைக்குழந்தை. பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அந்த வருஷம் அவளுக்கு வேஷம் இல்லை. வேலை முடிந்து, கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு நேரே ஓடி வந்திருக்கிறாள். கொழுந்து பறிக்கும்போது உடுப்பு நனையாமல் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. மகளைப் பார்த்துக் கையை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்திரேலிய அம்மா ஜெனிட்டாவிடம் பேச்சுக் கொடுத்தார். இவள் அழகாகப் பதில் சொன்னாள். இவ்வளவு நல்ல இங்கிலீஷா, எந்த ஊர் நீ என்று அவர் ஆச்சரியப்பட்டார். "நுவரெலியா டவுன், மேடம். இந்தக் குடிலுக்காகத்தான் இங்கே வந்திருக்கிறேன்" என்றாள் ஜெனிட்டா. அந்த அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, உனக்குக் கையாட்டிக்கொண்டிருக்கிறாரே, அவர் யார் என்று கேட்டார். பிள்ளை தன் தாயைப் பார்த்தாள். சேற்றுக் காலையும் சாக்கையும் பார்த்தாள். "தோட்டத்தில் வேலை செய்கிறவர்களில் யாரோ. எனக்குத் தெரியாது, மேடம்" என்றாள். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபமில்லை, குத்தலுமில்லை. நான் சரியாகச் சொன்னேனா மாமா என்று கேட்கிற பார்வை.

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்கலாம். இவள் என் அக்கா மகள், அது என் அக்கா, ஏழாவது காம்பரா எங்கள் வீடு என்று மூன்று வார்த்தை. வாயைத் திறந்தேன். அதற்குள் பார்ட்டி ஆட்டைப் பார்க்க நகர்ந்துவிட்டது, நானும் நகர்ந்தேன். கயிற்றோரமாக வரும்போது அக்கா எட்டி என் சட்டைக் கையைப் பிடித்தாள். அத்தனை வருஷத்தில் நத்தார் வாரத்தில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "தம்பி, அந்தம்மா என்னயக் காட்டி என்னமோ கேட்டாங்களே, பாப்பா என்ன சொன்னா? சரியாச் சொன்னாளா?" என்று கேட்டாள். கண்ணெல்லாம் பெருமை. "நல்லா பேசுறா அக்கா" என்றேன். அக்கா என்ற வார்த்தை அப்போதுதான் வந்தது, அதுவும் யாருக்கும் கேட்காத குரலில். அவள் என் சட்டைக் கையைத் தட்டிச் சரி பண்ணிவிட்டுச் சொன்னாள்.

"எல்லாம் ஒன்னயப் பாத்துக் கத்துக்கிட்டதுதான் தம்பி."

இந்தத் தொழிலை நான் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை என்றுதான் அன்று வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.