மோர்னிங்சைட் நரி

அநியாயம் நடந்தது ஒரு பெண் நரிக்கு. செய்தவர்கள் வீடு தேடி அலைந்த நம்மவர்கள். காட்டுயிர்ப் படம் எடுப்பது என்றால் மிருகங்களுக்கு முன்னால் மூச்சுக் காட்டாமல் கிடப்பதும், பிறகு மனிதர்களோடு தொண்டை வற்றச் சண்டை பிடிப்பதும்தான். பற்றைக்குள் குப்புறப் படுத்து நுளம்புக்கு இரத்ததானம் செய்த சகபாடிகளே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு விளக்கி நான் களைத்துவிட்டேன்.

எப்ப முன்னேறுவது?

பல்கலைக்கழகத்தில் சூழலியல் படிக்கிறேன். வகுப்பில்லாத விடியல்களில் ஸ்காபரோ ஓடைக்கரைகளில் கமெராவோடு கிடப்பேன். எடுத்ததைச் சட்டம் போட்டு விற்பேன். வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் அம்மாவின் சிநேகிதி என் நாரைப் படத்தை நெடுநேரம் பார்த்தார். அந்த நாரைக்காக விறைத்துக் கிடந்த கதையை நான் தொடங்க, மறித்து, மகளின் சாமத்தியச் சடங்குக்குப் படம் எடுக்க வர ஏலுமா என்று கேட்டார். மனிதரை நான் எடுப்பதில்லை என்றேன். அன்ரி என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“அப்ப படிச்சு முடிச்சாப் பிறகுதான் ஆக்களை எடுக்க விடுவினமோ, பிள்ளை?”

முகம் காணும்

இந்த வசந்தத்தில் மோர்னிங்சைட் பக்கத்து ஓடைச்சரிவில் ஒரு நரி மூன்று குட்டிகளோடு வளையில் இருந்தது. எட்ட நின்று பெரிய லென்ஸால் எடுத்தேன். ஒரு குட்டியை நக்கிக்கொண்டிருந்தது, சட்டென்று நிமிர்ந்து பார்த்தது. இடத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை. வளை இருக்கும் இடத்தைச் சொல்வது எங்கள் தொழிலில் காட்டிக்கொடுப்பதற்குச் சமம்.

படத்தைக் கேட்டு வந்தவர் ரமணன் அண்ணை. வீடு வாங்கி விற்றுத் தரும் முகவர். நரி முகத்தில் முழித்தால் அன்றைக்கு எல்லாம் பலிக்கும் என்பார்களே, அதற்காகக் கட்டிலுக்கு நேரே மாட்டப்போகிறாராம். உடம்பும் குட்டிகளும் வேண்டாம், வெட்டித் தரச் சொன்னார். குட்டிகள் இல்லாவிட்டால் அது படமே இல்லை என்று அரை மணித்தியாலம் வாதாடினேன். அவருக்குக் கோபமே வரவில்லை.

“குட்டியளை நீரே வச்சிரும். எனக்கு முகம் மட்டும் காணும்.”

எட்டாவது வீடு

படம் எடுக்கும் இன்னொருவன் வாட்ஸ்அப்பில் வளையின் இடத்தைப் போட்டுவிட்டான். அதற்குப் பிறகு, வீட்டுக்கு இவ்வளவு தருவோம் என்று விலை எழுதிக் கொடுக்கும் நாள்களில், ரமணன் அண்ணை வாடிக்கையாளர்களை விடிய முன்னமே அங்கே கூட்டிவரத் தொடங்கினார். பிளாஸ்க்கில் தேத்தண்ணி, நரிக்குக் கோழித்துண்டு. சப்பாத்தில் சேறு படக்கூடாது என்பதால் கோழியைத் தெருவோரத்திலேயே போட்டார்கள். நரியும் மேலே ஏறி வரப் பழகியது.

காருக்குப் பயப்படாத நரி உயிரோடு மிஞ்சாது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். மல்வேர்னில் நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருக்கும் ஒரு பெண் மட்டும் முழுதாகக் கேட்டார். ஏழு வீட்டுக்கு விலை சொல்லித் தோற்ற குடும்பம். தலையாட்டிக்கொண்டே கோழிப் பையை அவிழ்த்தார்.

“நீங்கள் சொல்லுறது நூறு வீதம் சரி, தங்கச்சி. இண்டைக்கு மட்டும்.”

கடைசியாகக் கிடைத்த பதில்

அந்த எட்டாவது வீடு அவர்களுக்குக் கிடைத்தது. அடுத்த கிழமை, கோழி போடும் அதே தெருவோரத்தில் நரி ஏதோ ஒரு காரில் அடிபட்டுச் செத்தது. பசியில் வெளியே வந்து நின்ற குட்டிகளைக் காட்டுயிர் மீட்புக்காரர் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள்.

ரமணன் அண்ணையின் அலுவலகத்துக்கு நேரே போனேன். கோழி, தெரு, குட்டிகள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அது செத்த அன்றைக்கு விடிய முதல் ஆளாக அங்கே போய் நின்றது அவர்தான் என்பதையும் சொன்னேன். மறுக்கவில்லை. ஓம், நான்தான், வளையடியிலிருந்து அது நித்திரை கலைந்து என்னை எட்டிப் பார்த்ததையும் கண்டனான் என்றார். அப்படியென்றால் அந்தச் சீவனுக்கு என்ன பதில் சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன். மனிதருக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அது அண்டைக்கு ஆருடைய முகத்திலை முழிச்சுதோ, பாவம்.”