ராஜ்குமார் வெளியே வந்த ஆட்டம்

சனிக்கிழமை காலை பண்டாரவளையில் ரயில் ஏறினேன். பதுளையில் இறங்கி, துன்ஹிந்த அருவியைப் பார்த்துவிட்டு மட்டக்களப்புக்குத் திரும்புவதாகத் திட்டம். எதிர் இருக்கையில், முழங்காலில் கட்டுப் போட்ட நெடிய மனிதர் ஒருவர். தெமோதரையில் ரயில் மலையைச் சுற்றி, வந்த பாதைக்கு அடியிலேயே நுழைந்தபோது பெட்டியே சன்னல்களுக்கு ஓடியது. அவர் அசையவில்லை.

"நீங்க பாக்கல்லையா?" என்றேன்.

"பதினாறு வருஷமா இதுலதாங்க போறேன், வர்றேன்."

பெயர் ராஜ்குமார். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். உதைபந்தாட்டமே தொழில், தற்காப்பு வரிசையில் ஆடுபவர். கொழும்பு, நீர்கொழும்பு, குருநாகல், மாத்தறை, நடுவில் ஒரு பருவம் மாலைதீவு என்று ஏழு கழகங்கள். எங்கும் பெரிய பெயர் எடுக்கவில்லை. வழக்கமாக ஆடுபவனுக்கு அடிபட்டால் இவரைக் கூப்பிடுவார்கள். அவன் தேறினால் அனுப்பிவிடுவார்கள். போன மாதம் ஏழாவது கழகமும் அனுப்பிவிட்டது.

"நாளைக்கு எங்க தோட்டத்து கிரவுண்ட்ல மேட்ச். என்னைப் பாக்க மொனராகலையிலேருந்து ஒரு கிளப் மேனேஜர் வர்றாரு. புடிச்சா ஒரு சீசன் எடுப்பாங்க. நீங்களும் வாங்களேன், அருவி எங்கயும் போயிடாது."

பதுளையில் தங்கி, மறுநாள் பசறை பஸ்ஸில் போய் இறங்கினேன். அங்கிருந்து தோட்டத்துக்கு ஆட்டோ அறுநூறு ரூபாய். மலையை வெட்டிச் சமன்செய்த மைதானம். ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் சரிவு. பந்து அங்கே விழுந்தால் தேயிலைக்குள் தேடி எடுத்து வரும்வரை எல்லாரும் இடுப்பில் கைவைத்து நிற்கிறார்கள்.

ராஜ்குமாரின் மனைவி சாந்தி தன் பக்கத்தில் எனக்கு இடம் கொடுத்தார். அதே தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்.

"மொனராகலைக்குப் போனா உங்களுக்குச் சந்தோசமா?" என்று கேட்டேன்.

"போனா போகட்டுங்க. ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து ஒரு மாசம் யாரோடயும் பேசமாட்டாரு. அதத்தாங்க தாங்க முடியல."

எதிரணியில் இருபது வயது முன்கள வீரன் ஒருவன் மின்னலாக ஓடினான். முதல் பாதியில் ராஜ்குமார் அவனைச் சரியான இடத்தில் நின்றே சமாளித்தார். இடைவேளைக்குப் பின் கால்கள் கைவிட்டன. ஒருமுறை அவன் தாண்டிப்போக, இவர் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினார். அவன் முகம் குப்புற விழுந்தான், உதட்டில் இரத்தம். நடுவர் கவனிக்கவில்லை. கவனித்த மொனராகலை மேனேஜர் கைதட்டினார்: "அதுதான் அனுபவம்!"

ராஜ்குமார் அவனைத் தூக்கிவிட்டார். அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டு ஓடியதும், நடுவரிடம் ஏதோ சொல்லிவிட்டு நேரே எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே வந்தார். மேனேஜர் பதறி எழுந்தார்.

"ஏன் வந்துட்டீங்க? நான் எடுக்கத்தானே இருந்தேன்!"

"வேணாங்க. அவன நான் தடுக்கல, பயத்துல புடிச்சுத் தொங்கினேன். அதுக்குப்போயி கை தட்டுறீங்களே."

பிறகு புல்லில் அமர்ந்து காலணிகளைக் கழற்றினார். சாந்தி தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

"எல்லா எடத்துலயும் அவங்கதான் என்னைப் போகச் சொன்னாங்க, சாந்தி. இன்னைக்கி நானே வந்துட்டேன்" என்றார். அன்று மாலை முழுவதும் அவர் பேசிக்கொண்டேதான் இருந்தார்.

திங்கட்கிழமை அருவியைப் பார்க்காமலே பஸ் ஏறினேன். எங்கள் ஊர்க் கடற்கரை மைதானத்தில் ஆள் மாற்றும்போது, உள்ளே ஓடி வருபவனைத்தான் எல்லாரும் பார்ப்போம். வெளியேறுபவன் எந்தப் பக்கமாகப் போனான் என்றுகூடத் தெரியாது. பசறையில் ராஜ்குமாருக்குப் பதிலாக இறங்கியது யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.